ஒரு கிலோ இருநூறு கிராம்

மலையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே மகாதேவி நாலாம் நம்பர் காட்டேஜின் குளியலறையில் முட்டி போட்டிருந்தாள். தண்ணீர் எலும்புவரை குத்தியது. விரல்கள் விறைத்துப்போய், பிரஷ் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தரை முழுக்க வாந்தி. பாதி செரித்த பிரியாணிச் சோறும் பிராந்தி வாடையும் பினாயிலோடு கலந்து தொண்டைக்குள் இறங்கின. எவனோ சுவரில் ஒண்ணுக்கு அடித்திருந்தான். கழிப்பறைக் கோப்பை இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

பதினொரு வருடமாக வில்பட்டியிலிருந்து வந்து அடுத்தவர் அழுக்கைக் கழுவுகிறாள். போகப் போகப் பழகிவிடும் என்று அவளிடம் சொன்னவர்கள் எவரும் கழுவியவர்கள் இல்லை.

தலையணை உறையை உருவியபோது ஒரு பொட்டலம் விழுந்தது. காய்ந்த கஞ்சா. பூண்டு தரம் பிரித்து நிறுத்து வளர்ந்த கை அவளுடையது. ஐம்பது கிராம் தேறாது என்று தூக்கியதுமே தெரிந்தது. கொண்டுபோய் முதலாளி சண்முகராஜிடம் கொடுத்தாள். அவர் அதை ஸ்வெட்டர் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே. வெரசா ரூமைக் கழுவு. பதினோரு மணிக்கு அடுத்த பார்ட்டி."

திரும்பும் வழியில்தான் படிக்கட்டில் ரத்தத்தைப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாகப் போய் விறகுக் கொட்டகையில் முடிந்தது. அங்கே செல்வம் கிடந்தான். அடுக்கம் ஊருக்குக் கீழே உள்ள மலைவாசிப் பளியர் குடியிருப்புக்காரன். விறகு உடைப்பது, வெந்நீர் அடுப்பு மூட்டுவது, விருந்தாளிகள் சுற்றி உட்கார நெருப்புப் போடுவது அவன் சோலி. மண்டை பிளந்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. சமையல்கார வேலப்பன் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"யாருண்ணே?"

"நாலாம் நம்பர்க்காரனுங்கதான். போதைக் காளான் பறிச்சுட்டு வான்னுருக்கானுங்க. இவன் மாட்டேன்னுருக்கான். விறகுக்கட்டையாலயே அடிச்சுப் போட்டுட்டு விடியமுன்ன காரை எடுத்துட்டானுங்க."

செல்வம் உதட்டை அசைத்தான். "கண்டதைத் தின்னா செத்துப்போவீங்கன்னு சொன்னேன்க்கா. அதுக்குத்தான் அடிச்சாங்க."

சண்முகராஜ் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். "ஆஸ்பத்திரிக்கு இப்ப வேணாம். போலீசுக்குச் சொல்லியிருக்கேன். வந்து பாக்கட்டும்."

போலீஸ் வருகிறது என்றதும் மகாதேவிக்கு நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே கூசியது.

ஜீப் வந்தது. எஸ்.ஐ. கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. ஆபீஸ் அறைக்குள் போனார். டீ போனது, முட்டை போனது. ஒரு மணி நேரம் கழித்து எழுத்து வேலை முடிந்த காகிதத்தோடு வெளியே வந்தார்.

"ரெண்டு சாட்சி வேணும். இவளும் அந்தச் சமையல்காரனும் போதும்."

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வேலப்பன் காகிதத்தை வாங்கி மெல்ல வாசித்தான். செல்வம் என்பவன் குடியிருந்த விறகுக் கொட்டகையைச் சோதனை போட்டபோது ஒரு கிலோ இருநூறு கிராம் கஞ்சா கைப்பற்றப்பட்டது. தப்பி ஓடும்போது படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் அவன் தலையில் காயம் ஏற்பட்டது. ஆபீஸ் மேசைமேல், யார் வீட்டுச் சரக்கோ, பெரிய பை ஒன்று சீல் வைக்கத் தயாராக இருந்தது.

"ஒரு கிலோவுக்குக் கீழன்னா சின்ன கேசு, சீக்கிரம் வெளிய வந்துரலாம்" என்று வேலப்பன் அவள் காதருகே முணுமுணுத்தான். "அதான் எடை கூடியிருக்கு."

மகாதேவி மேசையைப் பார்த்தாள். போன வருடமும் இதே மேசை. ஜீப் டிரைவர் நாச்சிமுத்துவின் கேஸ். "சும்மா சாட்சிக்குத்தான்" என்றார்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஏழு மாதம் உள்ளே கிடந்தான். அவன் பெண்டாட்டியைச் சந்தையில் பார்த்தால் இன்றும் வேறு பக்கமாக நழுவிவிடுகிறாள்.

எஸ்.ஐ. பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஐயா, கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தவ நாந்தாங்க. நாலாம் நம்பர் தலகாணி உறைக்குள்ள கெடந்துச்சு. மொதலாளி கையிலதான் குடுத்தேன். அம்பது கிராம்கூட வராது. ஒரு மணி நேரத்துல குட்டி போட்டுருச்சுங்களா?"

சண்முகராஜின் முகம் வெளிறியது. எஸ்.ஐ. சிரித்தார்.

"கஞ்சா உன் கையில இருந்துச்சுங்கிறே. அப்ப நீயும் அக்யூஸ்டுதான். எழுதட்டுமா?"

"எழுதுங்க. என் கைக்கு எங்கயிருந்து வந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க. ரூம் எடுத்தவன் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கு."

"அது பெரிய எடத்துப் பிள்ளைங்க" என்றார் சண்முகராஜ். குரல் கெஞ்சுவதுபோல வந்து பாதியில் உறுமலாக மாறியது. "பதினோரு வருசமா சோறு போட்டிருக்கேன். எனக்கே குழி பறிக்கிறியா?"

"சோறு நீங்க போடலைங்க. உங்க கக்கூசைக் கழுவுனேன், தின்னேன்."

வேலப்பன் காகிதத்தை மடிக்காமல் அப்படியே மேசையில் வைத்தான். அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். "எனக்கும் இன்னைக்குக் கையெழுத்து வராதுங்க" என்றான்.

அதற்குள் துணி துவைக்கும் காளியாயியும் தோட்ட வேலைப் பெண்கள் நான்கு பேரும் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். பேசி நிற்க நேரமில்லை. துவைத்து மடித்த வெள்ளை விரிப்பு ஒன்றை உதறிப் போட்டுச் செல்வத்தை அதில் கிடத்தி, நாலு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். "ஏய், வைடி கீழ" என்று ஒரு போலீஸ்காரர் லத்தியை ஓங்கினார். பக்கத்துக் காட்டேஜ் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் செல்போனைத் தூக்கவும் லத்தி இறங்கிவிட்டது. பூண்டியிலிருந்து கேரட் ஏற்றி வந்த வேன் ரோட்டில் நின்றது. மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தார்கள். ஜீப் பின்னாலேயே வந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். ஏழு பேரும் சொன்னார்கள். பிறர் அடித்ததால் வந்த காயம் என்றே பதிவேட்டில் ஏறியது.

அன்று கிடைத்தது அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் போலீஸ் வேறு இரண்டு சாட்சிகளைப் பிடித்துவிட்டது. மலையில் கையெழுத்துக்கா பஞ்சம்? தையல் போட்ட தலையோடு செல்வத்தைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு மாட்டினார்கள். அடிதடிப் புகார் எழுதிக்கொண்டு போனால், ரைட்டர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். சண்முகராஜ் ஏழு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னார்.

செல்வத்தின் பெண்டாட்டி ஜக்கம்மாள் மலையேறி வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அழவில்லை. கட்டிலையும் விலங்கையும் பார்த்தாள்.

"தனியா விட்டுட்டுப் போயிராதீங்கக்கா. எதுலயாவது கைரேகை எடுத்துருவாங்க. எங்க மாமனுக்கு அப்படித்தான் பண்ணாங்க."

ஆஸ்பத்திரி மதில் ஓரம் நின்று பேசினார்கள். சேதி அதற்குள் சரிவு முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்துக் காட்டேஜ் பெண்களும் வந்திருந்தார்கள். எந்நேரமும் மூன்று பேர் கட்டிலருகே இருப்பது, முறை மாற்றிக்கொள்வது, மற்றவர்கள் வெள்ளனே ஸ்டேஷன் வாசலில் கூடுவது, புகாரை வாங்கும்வரை எந்தக் காட்டேஜிலும் விளக்குமாற்றைத் தொடுவதில்லை என்று முடிவானது. தொட மாட்டேன் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சிலர் குரலில் பயம் இருந்தது. பயத்தோடுதான் சொன்னார்கள்.

வார்டு வாசலில் காவலுக்கு இருந்த வயதான ஏட்டு நோட்டை விரித்தார். கைதியைப் பார்க்க வருபவர் பெயர், ஊர், உறவு எல்லாம் எழுத வேண்டும்.

"பேரு?"

"மகாதேவி. வில்பட்டி."

ஏட்டு நிமிர்ந்தார். "அவன் பளியன். நீ வில்பட்டிக்காரி. உறவுன்னு என்னத்தை எழுத?"

"கூட வேலை பாக்குறவன்னு எழுதுங்க."

"அது ஒரு உறவாம்மா?"

"எழுதுங்கய்யா. எனக்குப் பின்னால நிக்கிறவங்களுக்கும் அதைத்தான் எழுதணும். மொற மாத்தி வரப்போறவங்க பதினாலு பேரு இருக்கோம்."

ஏட்டு எட்டிப் பார்த்தார். தாழ்வாரம் முடியும் இடம் வரை, சால்வையை இழுத்துப் போர்த்தியபடி பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் வேலப்பன்.

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.