ஃப்ரீசரும் மாப்பிள்ளையின் விரல்களும்

மெக்கானிக் கறிக்கடைக்குள் நுழைந்தபோது வெட்டுக்கட்டையின் மேல் ஒரு கை இருந்தது. ஆட்டுடையதல்ல; கடைக்காரரின் தங்கை புருஷனுடையது. உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடி, அந்த மனிதர் கட்டையருகே மண்டியிட்டிருந்தார். அவர் மணிக்கட்டைக் கடைக்காரரின் இடது கை அமுக்கியிருந்தது. வலது கையில் வெட்டுக்கத்தி.

“வாங்க. ஃப்ரீசர் ராத்திரியே செத்துப்போச்சு. நம்ம மாப்ளை பேசி முடிச்சுக் குடுத்த பெட்டி. உள்ள கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். விரலை நான் பாத்துக்குறேன்.”

“நல்ல பெட்டிதான் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. பதிலுக்கு முழங்கையால் மூக்கில் ஒன்று விழுந்தது.

மெக்கானிக்கிடம் எத்தனையோ பேர் பேரம் பேசியிருக்கிறார்கள். விரலை வைத்துப் பேசியவர் யாருமில்லை. அவர் கருவிப் பையைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குனிந்தார்.

“அங்க என்ன தேடுறீங்க?”

“முதல்ல பிளக்கைப் பாக்கணும்.”

“என்னைப் பாத்தா பிளக் சொருகத் தெரியாதவன் மாதிரியா இருக்கு? பெட்டியைத் திறய்யா.”

கடைக்காரர் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, எடைக்கல்லை எடுத்து வீசினார். அது மெக்கானிக்கின் தோளில் இறங்கியது. கை மரத்துப்போனது. ‘கம்ப்ரஸர் போச்சு’ என்று சொல்லிவிட்டால் முழு உடம்போடு வீடு போய்ச் சேரலாம். ஆனால் கட்டைமேல் அந்த ஐந்து விரல்களும் இன்னும் முழுசாக இருந்தன. மரக்காத கையைப் பெட்டிக்குப் பின்னால் நுழைத்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார்.

அதன் நுனி சாக்குகளுக்கிடையே தரையில் கிடந்தது. சுவரில் வேறொரு பிளக், புத்தம் புதிது. அதன் ஒயர் எலும்பு அறுக்கும் மிஷினில் போய் முடிந்தது.

“இந்த மிஷினை யார் சொருகுனது?”

உருகிய கறியை அள்ளி அண்டாவில் போட்டுக்கொண்டிருந்த தங்கைதான் வாயைத் திறந்தாள். “நேத்து சாயங்காலம் அண்ணன்தான் ஓட்டிப் பாத்தாரு. பூச்சி கொல்லுற விளக்கோட பிளக்குன்னு நெனச்சு எதையோ புடுங்குனாரு.”

மன்னிப்பு என்ற சரக்கு கடைக்காரரிடம் எந்தக் காலத்திலும் வந்து இறங்கியதில்லை. “கடையைப் பூட்டுனவன் இவன்தானே. பாத்திருக்க வேண்டாமா?” என்று கத்தியைப் பிடுங்கி ஓங்கினார்.

தங்கை ஒரு முழு ஆட்டுத் தொடையைக் கால் பக்கமாகப் பிடித்துச் சுழற்றி அண்ணனின் பிடரியில் அடித்தாள். சொத்தென்று ஒரு சத்தம். கத்தி மாப்பிள்ளையின் கட்டைவிரலை உரசிக்கொண்டு கட்டையில் பாய்ந்தது. அண்ணன் தாடை கட்டையில் மோதக் குப்புற விழுந்து, ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார். கறி உருகிக் கிடந்ததால் பல்லோடு போயிற்று. ஃப்ரீசர் ஒழுங்காக ஓடியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்.

மாப்பிள்ளை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். மெக்கானிக் பிளக்கை மாற்றிச் சொருகினார். பெட்டி உறுமியது.

தங்கை அந்தத் தொடையை மட்டும் எடுத்து உள்ளே வைத்து மூடினாள்.

“உறையட்டும். மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம் அண்ணா.”