பாதி திருப்பினால் போதும்

அந்த வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு பேர் பத்தாவது படித்தார்கள். ஒருத்தி வீட்டின் கடைக்குட்டி. இன்னொருத்தி அவளுடைய அண்ணி. அண்ணி ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். பகலில் மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். யார் ஃபெயிலானாலும் கையெழுத்துப் போடப் போவது தான்தானே என்று அவள் கணவன் இருவரையும் சீண்டுவான்.

மற்ற பாடமெல்லாம் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடிவியல் மட்டும் பிடிபடவில்லை. கோணக் கணக்கில் விடை தப்பினால், கணக்கை மறுபடி பார்க்கவே மாட்டாள். தன் மண்டையில்தான் கோளாறு என்று அப்போதே முடிவு கட்டிவிடுவாள். நாத்தனாரோ கணக்கில் புலி. கேட்டால் சொல்லித் தருவாள், ஆனால் "இதுகூடத் தெரியலையா அண்ணி?" என்று ஆரம்பித்துத்தான் சொல்லித் தருவாள். அதனாலேயே அண்ணி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

மாலை வகுப்பு டீச்சர் ஒரு செய்முறை வேலை கொடுத்தார். கோணத்தை வைத்து வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்துகாட்ட வேண்டும். அட்டையில் முக்கோணம் வெட்டி ஒட்டினால் மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அண்ணிக்கு உடனே சமையலறை நினைவுக்கு வந்தது. பக்கத்து மாடி எழும்பியதிலிருந்து அங்கே பகலிலும் விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு எதிரே, ஆள் நடக்கும் சந்து தாண்டி, மதில் சுவர். அதன் தலையில் முற்பகல் வெயில் விழும். அங்கே ஒரு கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பலாமே என்று தோன்றியது. பழைய பீரோக் கதவின் கண்ணாடியைக் கழற்றிப் பலகையில் பொருத்தினாள். முன்னும் பின்னும் சாய்க்க அடியில் கீல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதை மதில்மேல் ஏற்றி வைக்க நாத்தனாரும் கூட வந்தாள்.

வெளிச்சம் ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடில் விழுந்தது. அதைக் கீழே இறக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அந்த வெளிச்சத்துக்கு ஒரு நூல், ஜன்னலின் நடுவுக்கு ஒரு நூல் பிடித்து, இரண்டும் சேரும் இடத்தில் பாகைமானி வைத்து அளந்தார்கள். இருபது.

"அப்போ கண்ணாடிய இருபது டிகிரி முன்னால சாய்ங்க அண்ணி. அவ்வளவுதான் வேலை," என்றாள் நாத்தனார்.

அண்ணி அளந்து சாய்த்தாள். வெளிச்சம் ஜன்னலை ஒரே தாவாகத் தாண்டிக் கீழே இறங்கி, சுவரோரக் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மாமியாரின் முகத்தில் அடித்தது.

"என்னங்கடி, என்னைப் போட்டோ பிடிக்கிறீங்களா?" என்று மாமியார் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு முகம் சுண்டிவிட்டது. தப்பாகத்தான் அளந்திருப்போம் என்று கண்ணாடியைப் பழையபடி நிமிர்த்தி, மறுபடி அளந்து சாய்த்தாள். வெளிச்சம் மறுபடியும் மாமியாரிடமே போனது. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே முக்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் முறை அண்ணி பாகைமானியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். சரியாக இருபது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கோளாறு தன்னிடம் இல்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது.

"நான் சரியாத்தான் சாய்ச்சிருக்கேன். நீ சொன்ன இருபதுதான் சரியில்ல," என்றாள் மெதுவாக.

இருவரும் சந்திலேயே தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்தார்கள். கண்ணாடிக்கு ஒரு கோடு. அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு. மேலிருந்து வரும் வெயிலுக்கு ஒன்று, திரும்பிப் போகும் வெளிச்சத்துக்கு ஒன்று. செங்குத்துக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவு கோணம். அண்ணி கண்ணாடிக் கோட்டைச் சாய்த்து மறுபடி வரைந்தாள். செங்குத்துக் கோடும் கூடவே சாய்ந்தது.

"வெயில் நின்ன இடத்துலதான் நிக்குது," என்றாள் அண்ணி. "நடுக்கோடுதான் இருபது இறங்குது. அதனால வெயில் வர்ற பக்கம் இருபது கூடுது. போற பக்கமும் அதே அளவு கூடணும் இல்லையா? நடுக்கோடு இறங்கின இருபது, அதுக்குமேல இந்த இருபது. ஆக நாற்பது."

நாத்தனார் அந்தக் கோடுகளை விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். பிறகு, "ஆமா அண்ணி. நான் படம் போட்டுப் பாக்காமலே சொல்லிட்டேன்," என்றாள்.

கண்ணாடியை நிமிர்த்திப் பத்து டிகிரி மட்டும் சாய்த்தார்கள். வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, அடுப்பு மேடையைத் தாண்டி, மசாலா டப்பாக்களின்மேல் விழுந்தது. அலமாரித் தட்டில் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கா என்று மாமியார் அங்கலாய்த்ததுதான் முதல் பாராட்டு.

வெயில் நகர நகர வெளிச்சமும் நகர்ந்துவிடும் என்பது அன்றே தெரிந்தது. அரை மணி நேரம்தான் தங்கியது. மாமியார் காய் நறுக்குவதை அந்த அரை மணிக்கு மாற்றிக்கொண்டாள்.

வகுப்பில் டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்து அண்ணி அதைச் செய்துகாட்டினாள். ஏன் இரண்டு மடங்கு என்று யாரோ கேட்க, தயங்காமல் கரும்பலகையில் கோடு போட்டாள். அடுத்த மாதத் தேர்வில் வடிவியலில் தேறினாள், மயிரிழையில்தான். தப்பான இரண்டு கணக்குகளையும் எடுத்துக்கொண்டு அன்று மாலையே நாத்தனாரிடம் போனாள். நாத்தனார் வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"முதல்ல படம் போடுங்க அண்ணி," என்று பென்சிலை அவளிடம் நீட்டினாள். "நானும் போடறேன்."