சாவியை வண்டியிலேயே விடவும்

1

அன்று சுரங்கப்பாதைக்குள் இருந்தவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: காரை ஓட்டிய என் மருமகள், பக்கத்து இருக்கையில் நான், எங்களுக்கு முன்னால் போன பெரிய லாரியின் டிரைவர். என் மகன் அங்கே இல்லை. ஆனால் நடந்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பயந்துபோன மருமகள் காரைப் பூட்டிவிட்டு—

(கை வரவில்லை. அடித்த வரியை நீங்கள் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: லாரிக்கும் எங்களுக்கும் நடுவே அவள் நிறைய இடம் விட்டு ஓட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, லாரிக்குப் பின்னால ஊர்வலமா போறோம்?"

"அவரோட கண்ணாடி நமக்குத் தெரியலன்னா, நாம இருக்கிறதே அவருக்குத் தெரியாது மாமா."

"நம்ம குடும்பத்துல யாரும் இப்படி ஊர்ந்ததில்ல."

"ஊர்ந்தாலும் வீடு போய்ச் சேருவோம்ல?"

3

லாரியின் பின்சக்கரத்தில் புகை. அது சட்டென்று நின்றது. அவள் விட்டிருந்த இடம்தான் எங்களைக் காப்பாற்றியது.

"இறங்குங்க மாமா. சாவி வண்டியிலேயே இருக்கட்டும். தீப்பிடிச்சா அப்படித்தான் விடணும்னு சுரங்க வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, பின்னால் நின்ற கார்களில் இருந்தவர்களை அவசர வழிக்கு அனுப்ப ஓடினாள்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன். எங்கள் வீட்டில் எதையும் பூட்டாமல் விட்டுப்போகும் வழக்கமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

தீயணைப்பு வீரர்கள் மற்ற கார்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். எங்கள் கார் மட்டும் அசையாமல் தீயணைப்பு வண்டியின் வழியை மறித்து நின்றது. கண்ணாடியை உடைத்து அதை ஒதுக்குவதற்குள், தனியாகத் தீயோடு போராடிய லாரி டிரைவரின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

தீ அணைந்தபின் அதிகாரி கேட்டார்: "பூட்டினது யாரு?"

மருமகள் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தாள். "நான்தான் சார். பதட்டத்துல..."

4

அன்றிலிருந்து மகன் அவளுக்குக் கார் தருவதில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அவள் செருப்பு மாட்டும் நேரத்தில் நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன்.

முடிவு ஒன்று: மகன் தானாக மனம் மாறுகிறான். (மாறமாட்டான். என் ரத்தம்.)

முடிவு இரண்டு: லாரி டிரைவர் திட்டித் தீர்க்கிறார், என் பாரம் குறைகிறது. (போய்ப் பார்த்தேன். திட்டவில்லை. "உங்க மருமகளக் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன் ஐயா. வேற ஆளா இருந்தா என் மேலயே மோதியிருப்பாங்க" என்று கட்டுப்போட்ட கைகளால் கும்பிட்டார்.)

5

இதை மகன் படிப்பான். படித்தபின் சாவியை அவளிடம் கொடுப்பானா, என் முகத்தில் விழிப்பானா என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மருமகள் பதறிப்போய்க் காரைப் பூட்டினாள் என்கிறார்கள். தவறு. அவள் ஓடியபின் திரும்பிப் போய்ப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் நான்.