எட்டுச் சொற்கள்

முகிலற்ற வானில் கதிரவன் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், நகரின் கிழக்கு விளிம்பில், ஒருகாலத்தில் தொடர்வண்டிகளின் தேய்ந்த உறுப்புகளைச் செம்மைசெய்து அனுப்பிய அரசுப் பட்டறை, இன்று விலைகொடுத்து வாங்கியவரின் கைவண்ணத்தால் பளிங்குத் தரையும் பட்டுத் திரையும் பூண்டு, மணவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடப்படும் பேரரங்காய் ஒளிர்ந்து நின்றது. உலைகள் எரிந்த மூலைகளில் பூச்சாடிகள் வீற்றிருந்தன. பாரந்தூக்கி ஊர்ந்த நெடிய இரும்பு விட்டம் மட்டும், பெயர்க்க முடியாத காரணத்தால், பொன்வண்ணம் பூசப்பெற்று மேலே அழகுக்குக் கிடந்தது. அரைக்கம்பத்தில் கொடி தொங்க, கருநிற ஊர்திகள் வரிசைகட்டி நுழைய, ஒரு திங்களுக்கு முன் மறைந்த பெருந்தலைவருக்கு அங்கே இரங்கற் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டறையை விற்றவரும் அவரே என்பதைப் படிப்பவர் முதலிலேயே அறிந்துகொள்வது நன்று.

மக்கள் அவரைத் தராசுக்காரர் என்றே அழைத்தனர். மேடையேறினால் இரு கைகளையும் இரு தட்டுகளாய் ஏந்தி, வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம் என்று காட்டாமல் அவர் இறங்கியதில்லை. அரசு காவல் காக்கட்டும், சாலை போடட்டும், வழக்குத் தீர்க்கட்டும், ஆனால் கடை விரித்து உட்கார வேண்டா என்பார். கடன் வாங்கும் ஆட்சி பிறக்காத பிள்ளையின் சட்டைப்பையில் கையை விடுகிறது என்பார். முன்னோர் கட்டிய ஒழுங்கை இடிக்கும் முன் அது எதைத் தாங்கி நிற்கிறதென்று பார்க்கச் சொல்வார். அவரைத் திருடர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கிழிந்த குடையைத் தாமே தைத்துக்கொண்டு, இரண்டறை வீட்டிலேயே வாழ்ந்து முடித்தவர் அவர். தம் கை தூய்மையாய் இருந்தால் அந்தக் கையால் செய்ததெல்லாம் தூய்மை என்று நம்பியதொன்றே அவருடைய குறை. அந்தக் குறைக்கு விலைகொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

அரங்கின் கடைசி வரிசையில், இருபத்தாறு ஆண்டுகளாய் அத்தலைவரின் உரைகளை எழுதிய எழுத்தர் தம் தமக்கையோடு அமர்ந்திருந்தார். தாயற்ற தம்பியை வளர்த்து, கணவரின் பட்டறை ஊதியத்தில் அவனைக் கல்லூரிவரை படிக்கவைத்தவள் அந்தத் தமக்கை. அவள் கணவர் இதே கூரையின்கீழ் இருபது ஆண்டுகள் அரம்பிடித்து, எந்திர உறுப்புகளை அளவாய்த் தேய்த்துப் பொருத்திய பொருத்துநர். இப்போது இதே கூரையின் வாயிலில் தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்கும் காவலர்.

"இருபது நிமிஷமும் உன் எழுத்துதானாடா?" என்று காதோரம் கேட்டாள் தமக்கை.

"ஆமாக்கா."

"மாமா கேட்ல இருந்தே கேக்குறேன்னாரு. வெளியவும் மைக் வச்சிருக்காங்களாம். என் மச்சான் எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு."

எழுத்தர் தம் மேலங்கியைத் தொட்டுப்பார்த்துக்கொண்டார். அவருடைய மேலங்கியின் உட்பையில் பத்தொன்பது ஆண்டு பழைய தாள் ஒன்று இருந்தது. அதிலிருந்த ஒரு வரியை இன்றைய உரையின் ஒன்பதாம் பக்கத்தில் அவர் மீண்டும் எழுதியிருந்தார். மறைந்தவரின் இடத்துக்கு வந்து, இப்போது மேடையில் அவ்வுரையைப் படித்துக்கொண்டிருந்த புதிய தலைவர் அந்த வரியையும் படிப்பாரா என்பதே அவர் வாழ்வில் மிஞ்சியிருந்த ஒரே கேள்வி.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பட்டறை விற்பனையை நாட்டுக்கு அறிவிக்க வானொலி பன்னிரண்டு மணித்துளி கொடுத்திருந்தது. தராசுக்காரர் அறையில் உலவியபடி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பின்னர் கடிகாரத்தை முன்னே வைத்து, அவருடைய நடையிலேயே, அவர் பத்திக்கொருமுறை தொண்டையைச் செருமும் இடைவெளியையும் விட்டு, வாய்விட்டுப் படித்து அளவுபார்ப்பது எழுத்தரின் வழக்கம். அன்று ஐந்து நொடி மிகுந்தது. கைதட்டல் விழாத வரியைத்தான் வெட்டவேண்டும் என்பது அவர் தமக்கென வகுத்துக்கொண்ட விதி. அவ்விதிப்படி அகப்பட்டது ஒரே வரி: "வேறு வேலை அமைத்துக் கொடுக்காமல் ஒருவரையும் இவ்வரசு வெளியே அனுப்பாது." எப்படியும் ஆணையில் வரப்போகிறதுதானே என்று எண்ணி, அந்த எட்டுச் சொற்களையும் கரிக்கோலால் ஒரே இழுப்பில் அடித்தார். சுருக்கிய படியைத்தான் தராசுக்காரர் வானொலியில் படித்தார்.

ஆனால் ஆணையில் வந்தது வேறு. அச்சேறிய அந்த உரையைப் பார்த்தே அலுவலர்கள் ஆணை வரைந்தார்கள். தலைவர் சொல்லாததைத் தாங்கள் ஏன் சேர்க்கவேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆணையைக் கண்டு பதறிய எழுத்தர் தலைவரிடம் ஓடினார்.

"ஐயா, ஒரு வரி விட்டுப்போச்சு. நேரம் பத்தலன்னு நான்தான் எடுத்தேன். அதனால ஆணையிலயும் வரல."

தராசுக்காரர் நாளிதழை மடித்து அவர்முன் வைத்தார். "படிச்சுப் பாரு. இவ்வளவு உறுதியான ஆளை நாடு பாத்ததில்லன்னு எழுதியிருக்கான். அந்த வரி இல்லாமலே நல்லாத்தானே இருக்கு? விடு."

எழுத்தரும் விட்டுவிட்டார். அறுநூற்றுப் பன்னிருவர் ஒரே மாலையில் தத்தம் அரத்தையும் அளவுகோலையும் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினர். தங்களுக்கு மாற்று வேலை தருவதாய்ப் பேச்சிருந்ததே என்று அவர்கள் எழுதிய விண்ணப்பங்களுக்கெல்லாம், அப்படியொரு வாக்கு எங்கும் பதிவாகவில்லை என்ற ஒரே மறுமொழி வந்தது. இப்போது கேட்பதை நிறுத்தாதவர்களாய் நாற்பத்தொருவர் எஞ்சியிருந்தனர்; அவர்களுடைய விண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில் உயிரோடு கிடந்தது. புதிய தலைவர் அவ்வரியை ஊரறிய உரைத்துவிட்டால், வாக்கு இல்லையென்று இனி எவரும் சொல்ல இயலாது; எழுத்தர் தம் குற்றத்தையும் வாய்திறந்து சொல்லவேண்டியிராது. கோழைகள் கண்டுபிடிக்கும் வழிகள் எப்போதும் இப்படித்தான் அழகாய் இருக்கும்.

புதிய தலைவர் உரையை முன்னரே படித்துவிட்டதாகவும், பிரமாதம் என்றும் சொல்லியிருந்தார். படிக்கவில்லை என்பது ஒன்பதாம் பக்கத்தில் தெரிந்தது. இனிய குரலில் ஒழுகிவந்த உரை சட்டென நின்றது. அவர் தாளைப் பார்த்தார். முதல் வரிசையில் காலின்மேல் கால்போட்டிருந்த, பட்டறையை வாங்கிய செல்வரைப் பார்த்தார். பொன்பூசிய விட்டத்தை ஒருமுறை அண்ணாந்து நோக்கினார். பின்பு கைக்குட்டையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தைப் புரட்டிவிட்டார். அரங்கெங்கும் விம்மல் எழுந்தது.

"பாவம்டா, அழுதுட்டாரு" என்றாள் தமக்கை, தன் கண்ணையும் துடைத்தபடி.

இருபத்தாறு ஆண்டுகள் பிறர் வாய்க்குச் சொல் தைத்துக்கொடுத்தவர் முதன்முறையாகத் தம் வாயால் பேசினார்.

"அழலக்கா. அங்க ஒரு வரி இருந்துச்சு. அதை முழுங்கிட்டாரு."

"என்ன வரி?"

சொன்னார். அவள் முன்வரிசைகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரியவர் சொன்னதா இது?"

"அவர் சொன்னாரு, நான் எழுதினேன். அப்புறம் நானே அடிச்சேன். அஞ்சு செகண்டு அதிகமாப் போச்சு. தெரிஞ்ச பிறகு அவரும் விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன்."

தம்பியின் மணிக்கட்டைப் பற்றியிருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். "அந்த வருஷந்தான் மூத்த பொண்ணு படிப்பை நிறுத்தினோம். நீ வீட்டுக்கு வந்த. காலம் அப்படி இருக்கு, யாரைக்கா குத்தம் சொல்றதுன்ன. என் கையால காப்பி வாங்கிக் குடிச்சுக்கிட்டே சொன்ன." கணவர் இருந்த வாயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவர்கிட்ட இதை நான் சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

வெளியே, தோளுக்குப் பெரிதான நீலச் சீருடையில், தடுப்புக்கட்டையருகே முக்காலியில் அமர்ந்திருந்த மாமா மச்சானைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "என்னய்யா, நடுவுல அப்படி நிறுத்திட்டாரு? நீ எழுதினதா, அவரா நிறுத்தினதா?"

எழுத்தர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிமுடித்து, தாளை நீட்டினார். மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். கரிக்கோல் கோட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, இரும்பின் மட்டம் பார்ப்பவர்போல, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினார்.

"பென்சில்தான். கீழ இருக்குற எழுத்து தெளிவா இருக்கு" என்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எழுத்தர் தாங்கிக்கொண்டிருப்பார். "நாங்களும் தேய்க்கிறவங்கதான்டா. நூலளவு கூடினாப் பொருந்தாது, தேய்ச்சுத்தான் ஆகணும். ஆனா எடை தாங்குற பக்கத்துல கை வைக்கமாட்டோம். உனக்குத் தேய்க்க வேற இடமே இல்லையா?"

எழுத்தர் தலை கவிழ்ந்தார். இருந்தது. அந்த இடம் எதுவென்று பத்தொன்பது ஆண்டுகளாய் அவருக்குத் தெரியும்.

"ஆரம்பத்துல வணக்கம் சொல்றதுக்கே ஏழு செகண்டு போச்சு, மாமா."

மாமா தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானிட்டார். "நாளைக்கு நாப்பத்தொரு பேரும் ஆபீசுக்குப் போறோம். நீயும் வரணும். யார் அடிச்சதுன்னு கேப்பாங்க" என்றார். எழுத்தர் வருவதாய்த் தலையசைத்தார்.

அப்போது கூட்டம் கலைந்து, புதிய தலைவரின் கருநிற ஊர்தி வாயிலை நோக்கி வந்தது. முதியவர் எழுந்து கட்டையைத் தூக்கினார். அது அவர் வேலை. வழக்கமாய் நெற்றிக்குப் போகும் வலக்கை மட்டும் இன்று சட்டைப்பையின்மேல் படிந்து அங்கேயே நின்றது. மறைந்தவருக்குச் சிலை எழும், அதன் பீடத்தில் அவருடைய உறுதியைப் போற்றும் சொற்கள் ஆழப் பொறிக்கப்படும், பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்வார்கள். அவர் வாய் மெய்யாகவே சொன்ன எட்டுச் சொற்களோ, கோடு விழுந்த நிலையில், அவர் வெளியே அனுப்பிய ஒரு தொழிலாளியின் சட்டைப்பையில் இருந்தன. ஊர்தி கடந்து சென்றபின் முதியவர் கட்டையை இறக்கினார். மச்சானை உட்காரச் சொல்லவில்லை.