தண்ணீர்விட்டான் லேகியம்

...லேகியத்தால்தான் இருக்கும், வேறு எதனால் வரும், ஒன்றரை வருஷமாக நின்றுபோயிருந்தது இன்று காலை பாவாடையில் தெரிகிறது என்றால்... எதிர்வீட்டுத் தேவகி சத்தியம் பண்ணித்தானே கொடுத்தாள், "தண்ணிவிட்டான் கெழங்குக்கா, பால்ல கலக்கிக் குடி, உடம்பு எரியறதெல்லாம் அடங்கிடும்", அடங்கியதா? ஒரு மண்ணும் இல்லை, இதோ இப்போதும் நெஞ்சிலிருந்து காதுவரை குபுகுபுவென்று ஏறுகிறது, ஃபேன் போட்டால் பட்டிழை பறக்கும், வேர்வை சொட்டினால் சேலையில் கறை, ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மறு கையால் சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறேன், பக்கத்தில் என் வீட்டுக்காரர் சேலை உடலுக்கான நாடாவை ஓட்டுகிறார், கரையும் உடலும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், நான் எழுந்தால் தறி நின்றுவிடும் என்று காலையில் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன், ஆனால் தீட்டோடு தறியைத் தொடக் கூடாதே, மாமியார் காலத்திலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான், காமாட்சித் தாயே, கண்டுக்காதேடியம்மா... போன மாசம் சர்க்கரை பார்க்கப் போனபோது நர்ஸ் பிரவீனா தெளிவாகத்தான் சொன்னாள், "நின்னு ஒரு வருஷம் தாண்டினப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்மா, லேகியம் கீகியம்னு ஒக்காந்துனு இருக்காதீங்க", ஆனால் காலையில் அதைப் பார்த்ததும் முதலில் வந்தது பயமா? இல்லை, சந்தோஷம், வெட்கக்கேடு, அப்பாடா மூன்று நாள் என்று... மாசத்தில் அந்த மூன்று நாள்தான் தறியும் இல்லை அடுப்பும் இல்லை, பின்கட்டில் பாயைப் போட்டுப் படுத்தால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், அது நின்றபோது விடுதலை விடுதலை என்றார்கள், யாருக்கு, எனக்கா தறிக்கா?

"இன்னாடி, கை நின்னுபோச்சி?"

"தூரங்க. இப்பதான்." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். "பரவாயில்லியே, தேவகி மருந்து வேலை செய்யுது! போய் படு. தம்பி பொண்டாட்டி காவேரியைக் கூப்ட்டுக்கறேன்."

இது வரக் கூடாததுங்க, டாக்டரிடம் போகணும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது, கால்கள் அதற்குள் பின்கட்டுக்கு நடந்துவிட்டன. பாயில் முதுகு பட்டதும் அம்மாடி... நாளைக்குப் போகலாம், இல்லை, மூன்று நாளும் படுத்துவிட்டு அப்புறம் போகலாம், உடனே என்றாளே அந்தப் பெண், உடனே என்றால் உடனேதானா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது எழுந்து போய்ச் சொன்னால் இந்தப் படுக்கை போய்விடும், அதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.