புகை தெரியாத பிரியாணி

1.

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுத வைத்தார்கள். எங்கள் மயிலாப்பூர் குடியிருப்புக்குப் பின்சந்தில் விறகடுப்புப் பிரியாணிக் கடை நடத்துகிற கைசர் ஜஹான் அக்கா, ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார். "இன்னா ரைட்டரம்மா, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு கதை எய்திக் குடு. எங்கூட்டு அடுப்பப் பத்தி" என்றார். எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

முதல் தொடக்கம்: 'மார்கழிப் பனியில் கபாலி கோயில் கோபுரம் மெல்ல மெல்ல…'

(வேண்டாம். இந்தக் கதையில் பனியே இல்லை. கோபுரத்தை மறைத்தது புகை.)

இரண்டாவது: 'நிரஞ்சனுக்கு நைட்ரஜனைக் கண்டாலே ஆகாது.'

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2.

நிரஞ்சனுக்கு நைட்ரஜனைக் கண்டாலே ஆகாது. தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. மின்நிலையக் கொதிகலனுக்குள் ஆக்ஸிஜன் கூடுதலான காற்றை ஊதி எரிப்பது எப்படி என்று ஆராய்வது. (கதாநாயகன் என் வீட்டுக்காரர் என்பதை மறைக்கப் பார்த்தேன். "உன் கதையில வர்ற அசட்டுப் புருஷன் எல்லாம் நான்தான்னு ஊருக்கே தெரியும், விடு சாரு" என்றார்.)

காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். கல்யாணத்துக்கு வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டு, ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திப் போடாமல் கிளம்புகிற உறவுக்காரர்கள் மாதிரி, அது பாட்டுக்கு அடுப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு புகைபோக்கி வழியாகப் போய்விடும். அந்தக் கூட்டத்தைக் குறைத்து ஆக்ஸிஜனைக் கூட்டினால் தீ நன்றாகப் பிடிக்கும், எரிபொருள் மிச்சமாகும், கரிப்புகையும் அடங்கும்.* இதை அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு மின்நிலையமும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*அடிக்குறிப்பு, கதாநாயகன் வற்புறுத்தலால்: ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றதை எரிய வைக்கும். ஆபத்தான சமாசாரம். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

3.

இப்போது வில்லன் வர வேண்டும். மூன்றாவது மாடி அச்யுத் மாமா, எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"ஆத்துல ஒரு ஜன்னலத் தொறக்க முடியல. ராப்பகலா இருமிண்டிருக்கேன். இந்த மாசத்துக்குள்ள பொகை நிக்கலேன்னா கார்ப்பரேஷன்ல எழுதிக் குடுத்து அந்தக் கடைய மூட வச்சுடுவேன்!"

நல்ல வில்லன் வசனம். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் மனுஷனுக்கு இழுப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவமாகப் போய்விட்டது. இவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.

கைசர் அக்கா அன்றைக்கு அழுதேவிட்டார். "கேஸ்ல ஆக்குனா வாயில வைப்பானா எவனாச்சும்? இந்த அடுப்புல வெந்துதான் ரெண்டு பொண்ணுங்கள பட்க்க வச்சேன். மூடிட்டு எங்க போவேன்?"

நிரஞ்சனுக்கோ கண் பளபளத்தது. முதன்முறையாக ஒரு நிஜ அடுப்பு அவரிடம் வசமாக மாட்டியிருந்தது.

4.

கொரோனாவுக்குப் பயந்து வாங்கிப் பரணில் போட்ட ஆக்ஸிஜன் மெஷின்கள் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நிரஞ்சன் கேட்டு வாங்கினார். அச்யுத் மாமாகூடத் தன்னுடையதைக் கொடுத்தார். "பொகை நின்னா எனக்கு இது எதுக்குடா? எடுத்துண்டு போ."

மெஷின்களிலிருந்து இரும்புக் குழாய் வழியாக அடுப்புக்கு அடியில் ஆக்ஸிஜன் போனது. தீ பளீரென்று வெளுத்து எழுந்தது. புகை இருந்த இடத்தில் வெறும் வானம். என் கதாநாயகன் நடுச்சந்தில் நின்று கைதட்டினார்.

(அண்டாவின் அடி கரியாகப் போனதை எழுதக்கூடாது என்று கைசர் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகவே எழுதவில்லை. அவர் நிரஞ்சனிடம் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்: "நைட்ரஜனப் பத்தி அந்நேரம் க்ளாஸ் எட்த்தியே நைனா, கட்டைய பாதியா வைன்னு ஒரு வார்த்த சொன்னியா?")

மறுநாள் கட்டையைப் பாதியாக்கினார்கள். பிரியாணி பூப்போல வந்தது. மாமா மாடியில் ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். 'இப்படியாக எல்லோரும் நிம்மதியாக…'

(இங்கேயே முடித்திருக்கலாம். விட்டார்களா?)

5.

அன்று மத்தியானம் சாப்பிட ஒருத்தரும் வரவில்லை.

கைசர் அக்கா கடைக்குப் பெயர் கிடையாது. மாடவீதிப் பக்கம் போகிற ஆட்டோக்காரர்களும் கடைப் பையன்களும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். புகை தெரிந்தால் அண்டா ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்று வானம் சுத்தமாக இருந்ததால், 'இன்னிக்கு லீவு போல' என்று போய்விட்டார்கள்.

"பொகைதான் நைனா என் போர்டு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா.

நிஜ போர்டு வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம். அந்தச் சந்துமுனையில் ட்யூஷன், ஜெராக்ஸ், வீடு வாடகைக்கு என்று ஏற்கெனவே தொங்குகிற பலகைகளோடு அதுவும் தொங்குகிறது. நீங்கள் எதையாவது நின்று படித்திருக்கிறீர்களா?

முடிவு அ: மெஷினை நிறுத்துகிறார்கள். புகை வருகிறது, கூட்டம் வருகிறது, மாமாவுக்கு இழுப்பு வருகிறது, கார்ப்பரேஷன் வருகிறது.

முடிவு ஆ: மெஷின் ஓடுகிறது. மாமா நன்றாக மூச்சு விடுகிறார். கடை தானாகவே இழுத்து மூடிக்கொள்கிறது.

முடிவு இ: அடுப்பு சுத்தமாக எரிய, பக்கத்தில் புகைக்கென்றே தனியாக ஈரமட்டையைக் கொளுத்தி… (இதைப் படித்துவிட்டு நிரஞ்சன் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.)

6.

எதற்கு எழுதச் சொன்னார் என்று இப்போது சொல்கிறேன். "இனிமே பொகை வராது ரைட்டரம்மா. அந்த மனுசன் இருமுறதக் கேட்டுக்கினு என்னால ஆக்க முடியாது. நீ எய்துறத நாலு பேரு பட்ச்சிக்கினு கீறாங்கல்ல? அடுப்பு எரிஞ்சிக்கினுதான் கீதுன்னு அவுங்களாண்ட சொல்லு. ஞாயித்துக்கெழமயும் எவனும் வரலன்னா, நானே பூட்டிடுறேன்."

ஆக, இவ்வளவு நேரம் நீங்கள் படித்துக்கொண்டிருந்தது அந்தப் புகையைத்தான்.

இன்றைக்கு ஞாயிறு. மத்தியானம். அண்டாவை இறக்கியாகிவிட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்துமுனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிரஞ்சன் நகத்தைக் கடிக்கிறார். மாமா இருமாமல் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்.

சந்துமுனையில் செருப்புச் சத்தம் கேட்கிறது. யாரென்று இங்கிருந்து தெரியவில்லை. நீங்கள்தான் என்றால் கொஞ்சம் எட்டி நடங்கள், சோறு ஆறுகிறது.