கண் திறக்காத குதிரை

வேடியப்பன் கோயிலுக்கு நேர்ந்து வைக்கும் மண்குதிரைகளுக்கு வண்ணம் பூசுவது என் வேலை. எழுபத்தெட்டாம் வருடம் எங்கள் ஊர்ச் சின்னராசு நேர்ந்துகொண்ட குதிரையைப் பூசி முடித்தேன், கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். சேவல் அறுத்துப் பூசை போட்ட பிறகுதான் எங்கள் புதூர்நாட்டில் குதிரைக்குக் கண் எழுதுவோம். சின்னராசுவோ சேவல் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றே ஒரு மாதத்தை ஓட்டினார்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஓவியர் கங்காதரன் ஜீப்பில் வந்து இறங்கினார். குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் கலங்கினார். ஏன் இப்படி இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு பத்திரிகைக்காரரோடு மறுபடி வந்தார். குதிரை இப்போது உருட்டி விழித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

"ஏன்யா இதைக் கெடுத்தே?" என்றார் என்னிடம்.

கண் எழுதியதைக் கெடுத்தது என்று சொல்லும் ஆளை அன்றுதான் பார்த்தேன். அவர் பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பி, "பார்வை இழந்த மனிதகுலம், அதுதான் என் பாணி. அந்த தரிசனம் இங்கேதான் கிடைத்தது" என்றார். பத்திரிகைக்காரர் பக்தியோடு எழுதிக்கொண்டார்.

பிறகு தன் ஓவியங்களின் போட்டோக்களை என்னிடம் நீட்டினார். மொத்தம் பன்னிரண்டு. ஆண், பெண், மாடு, எதற்கும் கண் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னா சார், ஒரு வருசமா பன்னெண்டும் இப்டியே நிக்குதே," என்றேன். "மெட்ராஸ்ல ஒரு சேவல்கூடவா கெடைக்கலீங்க?"